குடிலில் நிற்கும் வளர்ப்புத் தந்தை

முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்க வேண்டும். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வேண்டுமே என்று கேழ்வரகு முளைக்கப் போட வேண்டும். மொட்டைமாடியில் ஸ்டார் கட்ட வேண்டும். அம்மா, அப்பா இருவரும் உள்ள வீட்டில் டிசம்பர் ஓடியே போய்விடும். ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் அது நகராது. ஏணியைப் பிடிக்க ஆளில்லாத அன்றைக்குத்தான் போனவருடைய இடம் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

எங்கள் குமரி மாவட்டக் கடற்கரை இதை நன்றாக அறியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அங்கே கொண்டாட்டம் இல்லை. கைக்குழந்தையோடு நின்ற பெண்களில் பலர் முப்பது வயதைத் தொடாதவர்கள். அவர்கள் காலமெல்லாம் தனியாக இருக்க வேண்டும் என்று எங்கள் வேதம் சொல்லவில்லை. சொல்வது ஊர் மட்டும்தான்.

டிசம்பர் 17 அன்று எங்கள் கோவில்களில் இயேசுவின் முன்னோர் பட்டியலை வாசிக்கிறோம். மத்தேயு எழுதிய நற்செய்தியின் முதல் பக்கம் அது. அதில் ரூத்து இருக்கிறாள். கணவனை இழந்தவள். பிறகு அவளை மணந்த போவாசிடம் போகச் சொல்லி வழிகாட்டியவள் அவளுடைய மாமியார் நகோமிதான். அந்த வழியில் வந்தவர் தாவீது அரசர். குடிலைப் பாருங்கள், குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கும் சூசையப்பர் தம் இரத்தத்தில் பிறக்காத பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்த்தவர். அவர் முன்னால் முழங்கால் போட்டுவிட்டு, கோவிலில் மறுமணத்துக்குத் திருமண ஓலை வாசிக்கும்போது முணுமுணுப்பது எந்த வகையில் நியாயம்?

இந்த மாதத்தில்தான் மனிதர்கள் பழகவும் செய்கிறார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம், கேரல் பயிற்சி, குடில் வேலை என்று தனியாக இருப்பவரும் வீட்டைவிட்டு வெளியே வருகிறார். அங்கே ஒரு முகம் பிடித்துப்போவதில் தவறே இல்லை. ஆனால் மக்களே, விழா நாளில் முடிவு எடுக்காதீர்கள். பண்டிகைத் தனிமை ஆளை அவசரப்படுத்தும். பிள்ளைகளிடம் சொல்வதற்கும் 25ஆம் தேதி ஏற்ற நாள் இல்லை. இறந்துபோன அப்பாவையோ அம்மாவையோ பிள்ளை அதிகமாகத் தேடும் நாள் அது. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் பொதுவாக நாங்கள் கல்யாணம் வைப்பதில்லை. அந்த இடைவெளி நல்லதுக்குத்தான். ஜனவரி வரட்டும், பள்ளிக்கூடம் திறக்கட்டும். காய்ச்சலில் பிள்ளை படுத்திருக்கும் சாதாரண நாளில் உங்களுக்குப் பிடித்தவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி கேரல் குழுவில் பழகியவர்கள். அவருக்கு ஒரு மகன், அவளுக்கு இரண்டு பெண்கள். அடுத்த கிறிஸ்துமஸ் கழிந்த பிறகுதான் கல்யாணப் பேச்சையே எடுத்தார்கள். அதற்குள் பிள்ளைகள் மூன்று பேரும் ஒன்றாகக் குடில் கட்டிப் பழகியிருந்தார்கள். பெண்களின் தகப்பனார் படத்தை யாரும் சுவரிலிருந்து இறக்கவில்லை. மூத்தவள் இன்றும் வளர்ப்புத் தந்தையை "மாமா" என்றுதான் கூப்பிடுகிறாள், "அப்பா என்று சொல்லு" என்று ஒருவரும் அவளை வற்புறுத்தவில்லை. அந்த வீடு நன்றாக நடக்கிறது.

பணத்தைப் பற்றியும் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். கணவர் இறந்ததற்கு நிவாரணத் தொகை வந்திருந்தால் அதைப் பிள்ளைகள் பேரில் வங்கியில் போட்டுவிடுங்கள், ஊரில் பாதி வாய்கள் அடைபடும். மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் தாய் மறுமணம் செய்தால் அவருக்கு அது நிற்கும், தகுதியுள்ள பிள்ளைகளுக்குப் போகும். அலுவலகத்தில் விசாரித்துவிட்டு நாள் குறியுங்கள். கைம்பெண் மறுமணத்துக்குத் தமிழக அரசின் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் உள்ள உதவித் திட்டமும் இருக்கிறது. கேட்டுப் பெறுங்கள், அது உங்கள் உரிமை.

மாமியார்மாருக்கு ஒரு வார்த்தை. மகனை இழந்த வலி உங்களுக்கு ஆறாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் மருமகள் உங்களுக்குப் பயந்து தன் விருப்பத்தை ஒளித்து வைக்கும்படி விடாதீர்கள், நீங்களே முதலில் பேச்சை எடுங்கள். அவள் மனதில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாள் அவரையும் அவர் பிள்ளைகளையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.