அடிவாரத்து வாத்தியார்கள்

ஆஸ்திரியாவின் சாங்க்ட் அன்டோன் ஊருக்கு வருகிறவர்கள் அநேகமாக மேலேதான் பார்க்கிறார்கள். 2,811 மீட்டர் உயர வல்லுகா சிகரம், அதன் செங்குத்துச் சரிவுகள், ஆர்ல்பெர்க் வட்டாரம் முழுக்க ஒன்றோடொன்று இணைந்து கிடக்கும் சுமார் 300 கிலோமீட்டர் சறுக்குப் பாதைகள். ஸ்கீ நன்றாகப் பழகியவர்கள் இங்கே குவிவது இவற்றுக்காகத்தான். நான் போனதோ ஊரின் கிழக்கு ஓரத்தில், நாசரைன் பகுதியில் இருக்கும் ஒரு மேட்டுக்கு. மேலே போகும் கேபிள் காரிலிருந்து பார்த்தால் அது சரிவு என்றே தெரியாது. பனிச்சறுக்கைக் கற்றுக்கொடுப்பது ஒரு முறையான தொழிலாக உருவானதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தொழிலாளிகள் நாள் முழுக்க நிற்கும் இடம் இந்த மேடு. அவர்கள் வேலையைப் பார்க்க மாணவனாகச் சேர்வதே நல்ல வழி என்று தோன்றியது. தனிவகுப்புக்குப் பணம் கட்டினேன்.

பாடம் வாடகைக் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. கவுன்ட்டரில் நின்ற இளைஞர் எடை, உயரம், வயது மூன்றையும் கேட்டுக்கொண்டு, “மெதுவாகப் போவீர்களா, வேகமாகவா?” என்றார். பூட்ஸின் அடிப்பாகம் எத்தனை மில்லிமீட்டர் என்பது பூட்ஸிலேயே பொறித்திருக்கிறது. இந்த ஐந்து விவரங்களையும் அட்டவணையில் பொருத்திப் பார்த்து, பூட்ஸைப் பலகையோடு கவ்விப் பிடிக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தை ஸ்க்ரூ டிரைவரால் திருகி வைத்தார். இறுக்கம் கூடினால் விழும்போது பலகை கழலாமல் முழங்காலை முறுக்கிவிடும். குறைந்தால் ஓடும்போதே கழன்றுகொள்ளும். ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கு அட்டவணையே ஒரு படி தளர்த்தி வைக்கச் சொல்கிறது. “எடையைக் குறைத்தும் திறமையைக் கூட்டியும் சொல்கிறவர்கள்தான் அதிகம். எடையில் பொய் சொன்னால் வழியில் பலகை கழலும். திறமையில் பொய் சொன்னால் ஆஸ்பத்திரி” என்று சிரித்தார். கழலும் பைண்டிங்குகள் தேறிய பிறகு கீழ்க்கால் எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. முழங்கால் தசைநார்க் காயம் மட்டும் இன்றும் இந்த விளையாட்டை விட்டுப் போகவில்லை.

காலுறை விஷயத்திலும் அவர் கறாராக இருந்தார். குளிருக்குப் பயந்து இரண்டு தடித்த காலுறைகளைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் முதலில் கால் மரத்துப் போகிறதாம். பூட்ஸ் கடினமான பிளாஸ்டிக் கூடு. உள்ளே இடம் இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் தடைபடும். மெல்லிய காலுறை ஒன்று போதும். பக்கிள்களைப் பூட்டி எழுந்தபோது கணுக்கால் அசையவில்லை, முழங்கால் தானாக மடங்கி முன்னே வந்தது. அந்த முன்சாய்வு ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வாத்தியார் ஐம்பதைத் தாண்டியவர். சிவப்பு ஜாக்கெட். வெயிலில் கருத்த முகத்தில் கண்ணாடி மறைத்த பகுதி மட்டும் வெளுத்துக் கிடந்தது. கோடையில் தச்சு வேலை, டிசம்பர் தொடங்கி ஏப்ரல் வரை இந்த வேலை என்றார். கைகுலுக்கிய கையோடு, “அந்த வேலி வரை நடந்துவிட்டு வாருங்கள்” என்று அனுப்பினார். பூட்ஸ் பழகுவதற்காக என்று நினைத்தேன். “நடையைப் பார்த்தாலே யாருக்கு எவ்வளவு பயம் என்று தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் இன்றைக்கு எதுவரை போகலாம் என்று முடிவு செய்வேன்” என்று மதியம் சாப்பிடும்போது சொன்னார்.

அடுத்து அவர் செய்தது, என் கையிலிருந்த இரண்டு கம்புகளையும் வாங்கி ஓரமாகப் பனியில் குத்தி வைத்தது. கம்பு இருந்தால் உடம்பு அதன்மேல் சாயப் பார்க்கும், கால் சோம்பிவிடும் என்பது அவர் கணக்கு. ஒரு காலில் மட்டும் பலகையை மாட்டிச் சமதளத்தில் வட்டமடிக்கச் சொன்னார். பிறகு மற்றக் காலில். பிறகு இரண்டிலும் மாட்டி, பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, விளிம்பால் பனியைக் கடித்துப் பிடித்தபடி பக்கவாட்டில் படியேற்றம். வியர்த்துவிட்டது. பத்தடி ஏறியதும் பலகைகளின் மூக்கைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்து, “சும்மா நில்லுங்கள். தானாகப் போகும், தானாக நிற்கும்” என்றார். போனது, நின்றது. அந்த இடத்தில் தரை கடைசியில் கொஞ்சம் மேலேறுகிறது. பிரேக் தெரியாதவன் முதல்முறை சறுக்குவதற்கென்றே தேடிப் பிடித்த இடம். காலையில் வகுப்புக்கு முன்பே வந்து பனி எங்கே இறுகியிருக்கிறது, எங்கே இளகியிருக்கிறது என்று நடந்து பார்த்து வைத்துவிடுவாராம்.

பிரேக் அதற்கப்புறம்தான். பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்நுனிகளை அகட்டி, ஆப்பு வடிவில் வைத்தால் உள்விளிம்புகள் பனியைச் சுரண்டி வேகத்தைக் குறைக்கின்றன. அகட்ட அகட்ட மெதுவாகும். இதற்குக் கலப்பை நிலை என்று பெயர். குழந்தைகளுக்கு அதே நிலை ‘பீட்சா’. பலகைகளை நேராக வைத்தால் ‘ஃபிரெஞ்சு ஃப்ரைஸ்’. பக்கத்தில் நான்கைந்து வயதுப் பிள்ளைகளின் வரிசை ஒன்று “பீட்சா! பீட்சா!” என்ற கூவலுக்கு ஏற்பக் காலை அகட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது.

கலப்பை நிலையைக் காலுக்குச் சொல்லித் தருவது எளிது. சிக்கல் இடுப்புக்கு மேலே இருக்கிறது. சரிவில் நிற்கிறவனுக்குப் பள்ளத்தைப் பார்த்ததும் உடம்பு மலைப்பக்கம் சாய்கிறது. அதுதான் பாதுகாப்பு என்று மூளை நினைக்கிறது. ஆனால் பின்னால் சாய்ந்ததும் பலகையின் முன்பாதியில் எடை இல்லாமல் போகிறது. பலகை பனியைப் பிடித்துத் திரும்புவது அந்த முன்பாதியால்தான். அங்கே எடை இல்லை என்றால் திருப்ப முடியாது, வேகம் கூடும். வேகம் கூடினால் பயம் கூடும், இன்னும் பின்னால் சாய்வோம். இந்தச் சுழலில்தான் தொடக்கக்காரர்கள் விழுகிறார்கள். பூட்ஸ் முன்சாய்வாக இருப்பதன் காரணமும் இதுவே. கணைக்கால் பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதாவது பள்ளத்தை நோக்கிச் சாய வேண்டும். பயம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் உடம்பைக் கொண்டுபோக வைப்பதுதான் இந்த வாத்தியார்களின் வேலை முழுவதும்.

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். என் முன்னால் வந்து, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னோக்கியே சறுக்கத் தொடங்கினார். சைக்கிள் பழக்குகிற அண்ணன் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். இங்கே கற்றுத் தருகிறவர் முன்னால் போகிறார், மாணவன் விழுந்தால் தன்மேல்தான் விழுவான் என்று தெரிந்தே. ஒரு கையால் என் பலகைகளின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்தார். இன்னொரு கையை நீட்டி, “என் உள்ளங்கையைத் தள்ளுங்கள்” என்றார். தள்ளுவதற்காக உடம்பு முன்னே வந்தது. முன்னே வந்ததும் வேகம் கட்டுக்குள் வந்தது. ‘முன்னால் சாயுங்கள்’ என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நடுவில் எப்போது கையை எடுத்தார் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

திருப்பமும் அப்படித்தான். வலது காலை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும், இடது காலை அழுத்தினால் வலப்பக்கம். விளக்கம் கொடுக்காமல், “வலது பூட்ஸுக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது, பிழியுங்கள்” என்றார். ஒரு நேரத்தில் ஒரு சொல், அதற்கு மேல் கிடையாது. பக்கத்துச் சரிவில் மனைவிக்குக் கற்றுத் தந்துகொண்டிருந்த ஒருவர் ஒரே மூச்சில் ஏழெட்டு யோசனைகளைச் சொல்ல, அந்தம்மா பலகையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

இந்த ஒழுங்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கீழ் ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் வாழ்ந்த மாத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, நார்வேயின் பனிப்பலகை ஆல்ப்ஸின் செங்குத்துக்கு அப்படியே ஒத்துவராது என்று கண்டு, கலப்பை நிலையை அடிப்படையாக வைத்து ஒரு முறையை வகுத்தார். அவர் கையில் ஒற்றைக் கம்புதான். ஆர்ல்பெர்க் கணவாயின் மறுபக்கம் ஸ்டூபன் சிற்றூரில் 1890-இல் பிறந்த ஹான்னஸ் ஷ்னைடர் 1907-இல் சாங்க்ட் அன்டோனின் ஹோட்டல் போஸ்டில் வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்தார். விருந்தினர்களுக்கு ஸ்கீ கற்றுத்தர ஒரு ஹோட்டல்காரர் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக்கொண்டது அந்தக் காலத்தில் புதுமை. முதல் உலகப் போரில் மலைப்படை வீரர்களுக்குக் கூட்டங்கூட்டமாகக் கற்றுத்தந்த அனுபவத்தோடு திரும்பி, 1921-இல் ஸ்கீ பள்ளியை நிறுவினார். முதலில் கலப்பை, பிறகு அரைக்கலப்பைத் திருப்பம், அதன்பின் பலகைகளை இணைத்து வீசித் திரும்புதல் என்று பாடம் படிப்படியாக அமைந்தது. மாணவர்களைத் திறமைப்படி வகுப்புகளாகப் பிரித்தார். எந்த வாத்தியாரிடம் போனாலும் அதே பாடம். ஆர்னால்ட் ஃபாங்கின் திரைப்படங்களில் அவர் தோன்ற, ஆர்ல்பெர்க் முறை உலகம் சுற்றியது. 1930-இல் ஜப்பானுக்கே போய்க் கற்றுக்கொடுத்து வந்தார். 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அவர்களை எதிர்த்தவர் என்பதால் கைதானார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய், நார்த் கான்வே ஊரில் மறுபடி ஒரு அடிவாரத்தில் வாத்தியாராக நின்றார். 1955-இல் இறந்ததும் அங்கேதான்.

ஷ்னைடர் பிறந்த காலத்து ஆர்ல்பெர்க் ஏழைப் பூமி. 1884-இல் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ரயில் சுரங்கம் திறந்ததும் கணவாய் வழியாக வண்டியோட்டிப் பிழைத்தவர்களின் வருமானம் போனது. டிரோல், ஃபோரார்ல்பெர்க் மலைக் கிராமங்களின் ஏழைப் பிள்ளைகள் வசந்தந்தோறும் பனி கிடக்கும் கணவாய்களை நடந்து கடந்து, ஜெர்மனியின் ஸ்வாபியா பண்ணைகளுக்கு மாடு மேய்க்கப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அந்த வழக்கம் நீடித்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பிய அதே மலைக்கு இன்று வெளியிலிருந்து வேலைக்கு ஆள் வருகிறது. மதிய உணவு மேசையில் என் வாத்தியாருக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு டச்சு மாணவியும் ஒரு அர்ஜென்டினாக்காரரும். பின்னவர் இங்கே பனி உருகியதும் ஊர் திரும்பி ஆண்டிஸ் மலையில் இன்னொரு குளிர்காலத்தைத் தொடங்குவாராம். அவருக்குக் கோடையே கிடையாது என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

வாத்தியார்களுக்குள் படிநிலை உண்டு. பயிற்சி நிலை, மாநிலத் தேர்வு, அரசுப் பட்டயம் என்று ஏற வேண்டும். மேல்நிலைத் தேர்வுகளுக்குச் சறுக்குத் திறமையோடு பனிச்சரிவு ஆபத்து, முதலுதவி, அயல்மொழி எல்லாம் தேற வேண்டும். கணவாயின்மேல் சாங்க்ட் கிறிஸ்டோஃபில் இருக்கும் பயிற்சி மையம்தான் அந்தப் பாடத்திட்டத்தின் தாய்வீடு. ஸ்டெஃபான் குருக்கன்ஹவுசர் 1950-களில் அங்கிருந்துகொண்டுதான் ஆஸ்திரிய முறையை மறுபடி புதுப்பித்தார். இத்தனை கற்றவர்களும் சீசனில் பெரும்பாலான நேரம் நிற்பது என்போன்றவர்களின் முன்னால்தான். தனிவகுப்புக்கு ஒரு நாளைக்குப் பல நூறு யூரோ வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்குதான் சொல்லித் தருகிறவர் கைக்கு வருகிறது. நாள் முடிவில் மாணவர் தருகிற டிப்ஸ் அதனால் முக்கியமானது. சொந்தமாக ஓடினால் உடம்பு சூடாக இருக்கும். நின்று நின்று இன்னொருவருக்காகக் காத்திருந்தால் குளிர் எலும்புக்குள் இறங்கும். விழுந்தவர்களைக் குனிந்து தூக்குவதில் இடுப்பு போகிறது, பின்னோக்கிச் சறுக்குவதில் முழங்கால் தேய்கிறது. “குழந்தைகள் வகுப்பு முடிந்தால் எனக்குத்தான் தூக்கம் வரும்” என்றாள் டச்சுப் பெண்.

பிற்பகலில் நகரும் ரப்பர் விரிப்பில் ஏறி நின்று மேட்டின் உச்சிக்குப் போனோம். கீழே இருப்பவருக்கே வழியில் முன்னுரிமை, மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும் என்ற விதியை அங்கே நிறுத்திச் சொன்னார். இடம், வலம், இடம் என்று எலுமிச்சம்பழங்களைப் பிழிந்துகொண்டே இறங்கினேன். அவர் எனக்கு முன்னால் அகலமான வளைவுகளாகப் போக, அவர் தடத்தில் என் பலகைகள் போயின. கீழே வந்ததும் பாராட்டவில்லை. “இப்போது கம்பை எடுத்துக்கொள்ளலாம்” என்றார்.

மாலையில் லிஃப்ட் நின்றதும் சங்கிலிச் சக்கர வண்டிகள் விளக்கு போட்டுக்கொண்டு சரிவைச் சமன் செய்ய வந்தன. ஓரத்தில் பனிப்பீரங்கிகள் தண்ணீரைப் பொடித்துக் காற்றில் வீசின. காற்று போதுமான அளவு குளிர்ந்தால்தான் அது பனியாக விழும். வெதுவெதுப்பான இரவில் பீரங்கியும் சும்மாதான் நிற்க வேண்டும். ஊரின் உயரம் 1,304 மீட்டர். பனி முதலில் உருகுவது இந்த மட்டத்தில்தான். தேறியவர்களுக்கு மேலே இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேல் மலை இருக்கிறது, பனி பின்வாங்கினால் அவர்களும் மேலே போய்விடலாம். தொடக்கக்காரர்களுக்கு வேண்டியது சாய்வு குறைந்த, கடைசியில் தானாக நிறுத்துகிற தரை. அப்படிப்பட்ட தரை பெரும்பாலும் பள்ளத்தாக்கின் மடியில்தான் கிடைக்கிறது. ஆகவே குளிர்காலம் சூடாகச் சூடாக ஆல்ப்ஸ் முதலில் இழக்கப்போவது புதிதாகக் கற்றுக்கொள்ளும் இடங்களை. “உச்சியில் பனி இருக்கிறது என்று விளம்பரம் போடுவார்கள். ஆனால் உச்சிக்குப் போகிற ஆளை இங்கேதானே தயாரிக்க வேண்டும்?” என்று கேட்டுவிட்டு, அடுத்த நாளுக்கான மாணவர் பட்டியலை வாங்க வாத்தியார் பள்ளி அலுவலகத்துக்குப் போனார்.