அக்காவுக்குக் கேட்காத மணி

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டுத் தமிழ்ப் பேராசிரியர் ஐயா வகுப்புக்கு வந்தபோது, நண்பர்கள் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நிலவும் காதலும் கவிதைக்காரர்களுக்குப் போயின. இயற்கை எழில், இளைஞர் கடமை முதலியவையும் உடனே விலைபோய்விட்டன. எனக்கு மிஞ்சியது, சென்ற கோடை விடுமுறையில் இரண்டு மாதம் நான் ஏணி பிடித்த கதைதான். அதையே எழுதுகிறேன்.

என் தாய்மாமா தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருப்பவர். அவருக்கு நான் கையாள். நீண்ட கம்பின் நுனியில் சோதனைப் புகை டப்பாவை மாட்டி, கூரையில் கவிழ்ந்திருக்கும் டிடெக்டரின் வாயில் புகையைப் பீய்ச்சுவேன். அதில் சிவப்பு விளக்கு எரிந்ததும் "எரியுது மாமா!" என்று கத்துவேன். கீழே பேனல் அருகே நிற்கும் மாமா, ஹூட்டர் அடிக்கிறதா, எந்த மாடி என்று பேனல் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் ஒரு டிக் போடுவார். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரியில் பேனல் ஓடுகிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான் வேலை என்று முதல் வாரம் நினைத்திருந்தேன்.

அந்த டிடெக்டருக்குள் இருப்பது நம் பாடப் புத்தகம்தான், நண்பர்களே! ஓட்டு வீட்டில் கூரை ஓட்டை வழியே விழும் வெயில் கீற்றில் தூசி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். டிண்டால் விளைவு என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தோமே, அதுதான். உள்ளே ஓர் இருட்டறை. ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளி தரும் சிறு விளக்கு. அதன் நேர்ப்பார்வையில் படாமல் மூலையில் ஒளியுணரும் டயோடு. புகை நுழையாதவரை டயோடுக்கு இருட்டு. புகை நுழைந்தால் ஒளி சிதறி அதன்மேல் விழும். பேனலுக்குச் செய்தி போகும். தூசி அடைந்தாலும் இதுவேதான் நடக்கும். ஆகவே துடைக்காத டிடெக்டர் வீணாகக் கத்தும். வீணாகக் கத்துவதை மனிதர்கள் வாயடைத்துவிடுவார்கள்.

வாயடைத்த ஒன்றை நானே கண்டேன். எங்கள் ஊருக்கு அடுத்த நகரத்தில் ஐந்து மாடித் துணிக்கடை. வெள்ளிக்கிழமை தோறும் கல்லாப்பெட்டி அருகே சாம்பிராணி போடுவார்கள். அங்கிருந்த டிடெக்டர் வெள்ளி தவறாமல் அலறியிருக்கிறது. யாரோ ஒரு புத்திசாலி பாலித்தீன் பையை அதன்மேல் கவிழ்த்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டார்! மாமா சிரிக்கவில்லை. பையைக் கழற்றி, புகை டிடெக்டரை எடுத்துவிட்டு, வெப்பத்தை உணரும் டிடெக்டரை மாட்டினார். சமையலறைக்கும் அதுவே தக்கது என்றார். வாரம் ஒருமுறை ஒரு சிவப்புப் பெட்டியைச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு வாரமும் வேறு பெட்டியை. காவலாளித் தாத்தா பல மாதங்களாகத் தம் நாற்காலிக்கு மேலிருந்த பெட்டியையே சோதித்து வந்திருந்தார். அவர் முழங்கால் வலியை நினைத்து நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்தக் கடையின் சேலைப் பிரிவில்தான் என் அக்கா வேலை செய்கிறாள். கடை மூடிய பின் ஐந்தாம் மாடியில், ஆறு அறைகளில், நாற்பத்திரண்டு பெண்களோடு தூங்குகிறாள். என் விடுதிக் கட்டணமும், நான் இதை எழுதும் பேனாவும் அவள் நின்றே சம்பாதித்தவை.

தீ எச்சரிக்கை அமைப்புக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 2189. முதலில் 1962-இல் வந்து, பலமுறை திருத்தப்பட்டது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு மாமாவின் பையில் இருந்தது. மதிய உணவு வேளையில் பொழுதுபோகாமல் புரட்டினேன். ஒலி 65 டெசிபல் இருக்க வேண்டும். தூங்குபவர்களை எழுப்ப வேண்டிய இடத்தில் படுக்கையின் தலைமாட்டில் 75 டெசிபல் இருக்க வேண்டும் என்று கண்டிருந்தது. சாப்பிட வந்த அக்காவிடம், "போன தடவை மணி அடிச்சப்போ ரூமில் கேட்டுச்சா?" என்றேன். "எந்த மணிடா?" என்றாள்.

வார்டன் அம்மா துணைக்கு நிற்க, அக்காவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினோம். மின்விசிறி சுற்றியது. அக்காவின் தலையணையருகே டெசிபல் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியில் மாமாவை அழுத்தச் சொன்னேன். அடுத்த தெருவில் ஐஸ்காரன் போவதுபோல் ஏதோ கேட்டது. மீட்டர் காட்டியது 59. தாழ்வாரத்திலோ 88! கதவு தின்றது மீதியை. பார்வைக்குக் குறைவு 16 டெசிபல்தான். ஒலிச் செறிவில் அது ஏறக்குறைய 40 மடங்கு.

மாமா மேலே வந்து மீட்டரைப் பார்த்தார். பேசவில்லை. கீழே போய்ப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஐந்தாம் மாடி: டிக், டிக், டிக். எல்லாம் அவர் கையெழுத்து. அவர் பொய் எழுதியவர் அல்லர்; மணி அடித்தது, டிக் போட்டார். "மாப்ளே, படுக்கையில நின்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையேடா" என்றார்.

அன்று அவர் டிக் போடவில்லை. சிவப்பு மையில், "5-ஆம் மாடிப் படுக்கையறைகளில் ஒலி போதாது" என்று எழுதிக் கையொப்பமிட்டார். மேலாளருக்குக் கோபம் வந்தது. "மணிதான் அடிக்குதே, இன்னும் என்னய்யா வேணும்? இத்தனை வருஷம் சரியா இருந்தது இப்ப எப்படிக் கெட்டுப்போச்சு?" அந்தக் கேள்விக்கு மாமாவிடம் விடை இல்லை. "தப்பு என் மேலதான் சார். ஆனா எழுதினதை அடிக்க மாட்டேன்" என்றார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மாதக் கூலியும் நின்றது. அக்கா வேலைக்கும் வேட்டு வைத்துவிட்டேனோ என்று இரவெல்லாம் புரண்டேன்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிஞ்சுகள் கருகியது நான் பிறப்பதற்கு முந்திய ஆண்டு. சத்துணவுக் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியதையும், குறுகலான படிக்கட்டையும் அம்மா சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். அந்த இரவுகளில் அதுதான் நினைவில் வந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. தீயணைப்புத் துறை உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது. பதிவேட்டிலோ சிவப்பு வரி சிரித்துக்கொண்டிருந்தது! ஆறு அறைகளுக்கும் ஆறு ஹூட்டர் மாட்டினோம். ஹூட்டர் கூடினால் மின்னோட்டம் கூடும். ஆகவே பேனலின் பேட்டரிகளையும் பெரிதாக மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஒரு தனிச் சண்டை நடந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

அந்த வாரம் ஏதோ ஓர் இரவு மணி அடிக்கும் என்று மட்டும் பெண்களிடம் சொல்லியிருந்தோம். வியாழன் இரவு பதினொன்றரைக்கு மாமா விசையைத் திருப்பினார். வார்டன் அம்மா வாங்கிய அளவு, தலையணையருகே 79. முதல் பெண் தெருவுக்கு வர ஒன்றரை நிமிடம், கடைசிப் பெண் வர ஏழு நிமிடம். பின்படிக்கட்டில் சேலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்ததால் நாற்பத்திரண்டு பேரும் ஒரே படியில் இறங்கினார்கள். மாமா அதையும் சிவப்பு மையில் எழுதினார். மேலாளர் இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. தாமே இரண்டு பெட்டிகளைத் தூக்கினார்.

மறுநாள் காலை அக்கா கைப்பேசியில் பிடித்துக்கொண்டாள். "பாவி, காதே கிழிஞ்சிடுச்சுடா! அதுக்கப்புறம் ஒருத்தியும் தூங்கலே."