சனிக்கிழமை மாலை

மன அழுத்தம் என்னும் சொல்லை நாம் அலுவலகத்தாருக்கும் ஆசிரியருக்கும் உரியதாக்கிக்கொண்டோம். கட்டடத் தொழிலாளர் என்றவுடன் வெயிலையும் சுமையையும் பேசி, இரக்கப்பட்டு அமைந்துவிடுகின்றோம். அவருக்கும் மனம் உண்டன்றோ?

என் தமையனார் வளைகுடா நாட்டில் ஈட்டிய பொருளைக்கொண்டு ஊரில் வீடு கட்டியபொழுது, பத்துத் திங்கள் அவ்வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. அங்குப் பணியாற்றிய கொத்தனார் ஒருவர் இரண்டாம் மாடிச் சாரத்தில் வீட்டுத் திண்ணையில் நடப்பதுபோல் நடப்பார். ஆனால், கூலி நாளாகிய சனிக்கிழமை மாலை நெருங்க நெருங்க அவர் முகம் வாடிவிடும். காரணம் வினவினேன்.

"உயரம் பழகிப்போச்சு பாய். திங்கக்கிழமை வேலை உண்டான்னு மேஸ்திரி வாயிலேர்ந்து வரணுமே, அதுதான் பழகமாட்டேங்குது" என்றார்.

மணல் வராவிட்டால் வேலை நிற்கும். கம்பி விலை ஏறினால் வீட்டுக்காரர் நிறுத்துவார். ஐப்பசி, கார்த்திகை மழையைச் சொல்லவே வேண்டியதில்லை. நின்ற நாளுக்குக் கூலி கிடையாது. முன்பணம் வாங்கியவரோ வேறிடம் செல்லவும் இயலாது. இவற்றுள் எதுவும் அவர் கையில் இல்லை. இழப்பு மட்டும் அவருடையது.

சித்தாளாக வந்த பெண்ணின் நிலை இன்னும் கடிது. கலவைச் சட்டி தலையில் இருக்க, அவர் செவி கீழே கட்டிய தூளியிலேயே இருந்தது. ஆண்டுக்கணக்கில் கலவை சுமந்த பெண்ணின் கையில் கரணையைக் கொடுத்தவரை நான் கண்டதில்லை.

2014 ஜூன் 28ஆம் நாள் சென்னை மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அது செய்தியாயிற்று. சாரத்திலிருந்து ஒருவர் ஒருவராக வீழ்வோர் செய்தியாவதில்லை. 2021இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேருள் 42,004 பேர் நாட்கூலியர் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்துள்ளது. அவர் அனைவரும் கட்டடத் தொழிலாளர் அல்லர். எனினும் நாளைய கூலி நிச்சயமற்ற வாழ்வு அனைவர்க்கும் பொது.

தமிழகத்தில் 1994இல் நலவாரியம் தோன்றியது; 1996இல் நடுவண் அரசின் சட்டமும் வந்தது. விபத்துக்கும் முதுமைக்கும் அவை வழி கண்டன. திங்கட்கிழமைக்கு வழி காணவில்லை.

இதையெல்லாம் தமையனாரிடம் தொலைபேசியில் கூறினேன். அவரும் அங்கே கம்பி கட்டிப் பொருள் சேர்த்தவர்தாம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அடுத்த வாரம் யார் யாருக்கு வேலை என்பதை வெள்ளிக்கிழமையே சொல்லிவிடு. சரக்கு வராமல் நின்றால் பாதிக் கூலியாவது என் கணக்கில் கொடு" என்றார். மேஸ்திரி முணுமுணுத்தார், பிறகு இசைந்தார். கூடுதலாக ஆன செலவு சன்னல் கதவுகளுக்கு வண்ணம் பூசும் தொகையினும் குறைவே.