கோபாலபுரத்தில் பாதிப் பேரைக் காணோம்

டேட்டாபேஸ் லேபில் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் நம் வகுப்புக் கூட்டத்துக்காக இந்தப் பதிவு. தமிழில் வெப்சைட் செய்கிற மற்றவர்களுக்கும் உதவலாம்.

எர்ரர் வந்தால் எனக்குக் கவலையே இல்லை. அந்த மெசேஜை கூகுளில் போட்டால் போதும், நமக்கு முன்னாடியே யாராவது அதற்காக அழுதிருப்பார்கள் :-) குவெரி சத்தமில்லாமல் ஓடி தப்பான பதிலைத் தருவதுதான் பயம். ஒரு வரிசைகூட வராவிட்டால் சந்தேகம் வரும். 61 பேர் வர வேண்டிய இடத்தில் 38 பேர் வந்தால்? யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

எங்க ஊர் குடியாத்தத்தில் அதுதான் நடந்தது. லுங்கிக்குப் பேர்போன ஊர். நெசவாளர் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பட்டியலை பிஎச்பி, மைஎஸ்க்யூஎல்லில் தேடுகிற மாதிரி நண்பன் ஒருவன் செய்து கொடுத்தான். கங்கையம்மன் கோவில் இருக்கிற கோபாலபுரத்தைத் தேடினால் 38 பேர்தான் வந்தார்கள். கடன் மனுவோடு வந்த பெரியவரை "உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லெட்ஜரில் முப்பது வருஷமாக இருக்கிறவர். டேபிளிலும் இருக்கிறார்! ஸ்க்ரோல் செய்தால் கண்ணுக்குத் தெரிகிறது, லைக் போட்டால் வரமாட்டேன் என்கிறது.

ட்ரிம் போட்டோம், கொலேஷனை மாற்றினோம். ம்ஹூம். கடைசியில் லெங்த் ஃபங்ஷன்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு 'கோபாலபுரம்' 30 பைட், இன்னொரு 'கோபாலபுரம்' 33 பைட்.

யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுக்குப் பின்னால் ஓகாரக் குறி ஒன்றைப் போடலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். யூனிகோடும் இரண்டும் சமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் லைக் ஒவ்வொரு குறியாகத்தான் ஒப்பிடும், அதற்கு இவை வேறு வேறு. பழைய பட்டியல் டிடிபி சென்டரில் யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்டில் அடித்தது. அதில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே இருக்கும். யாரோ எழுதிய கன்வெர்ட்டர் கொம்பைப் பின்னால் நகர்த்தியதோடு நிறுத்திக்கொண்டது, காலோடு சேர்க்கவில்லை. புதிதாக டைப் செய்தவர்கள் மட்டும் தேடலில் சிக்கினார்கள்.

பிஎச்பியில் இன்டல் எக்ஸ்டென்ஷனில் 'நார்மலைசர்' என்று ஒன்று இருக்கிறது (5.3 வந்த 2009இலிருந்தே). டேபிள் முழுவதையும் ஒருமுறை அதில் ஓட்டினோம். இப்போது சேமிக்கும்போதும் ஓடுகிறது, தேடும் சொல்லுக்கும் ஓடுகிறது. 61 பேர் வந்தார்கள், பெரியவரும்தான். அவரை வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது.

ஆனால் 'சௌந்தரி'யை இது காப்பாற்றாது. நிறைய பேர் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' எழுத்தையே அடிக்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி, யூனிகோடுக்கோ அது வேறு சொல். அதற்குத் தனியாக ரீப்ளேஸ் எழுத வேண்டும், அதுவும் கவனமாக. 'செள' என்று வரும் இடமெல்லாம் மாற்றினால் 'செளுமை' மாதிரி எழுத்துப்பிழைகள்கூட இன்னும் விநோதமாகிவிடும்.

பெயருக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகள் வருகிறதா? அது வேறு வியாதி. டேபிளோ கனெக்‌ஷனோ லத்தீன்-1இல் இருக்கும். மைஎஸ்க்யூஎல் 8.0 (2018) வரை டீஃபால்ட்டே அதுதான். உள்ளேயே கேள்விக்குறியாகச் சேமித்திருந்தால் திரும்ப எடுக்க வழியே இல்லை, மறுபடி டைப் செய்ய வேண்டியதுதான்.

ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிற காலத்தை இன்னும் தொடவில்லை. குடியாத்தத்துக்கு ரயில்வே ஒரு ஸ்பெல்லிங், நகராட்சி ஒரு ஸ்பெல்லிங். இதை எந்த நார்மலைசரும் சேர்த்துவைக்காது. ஊர்களுக்குத் தனி டேபிள் போட்டு எண் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நண்பன் பரீட்சை முடியட்டும் என்கிறான்...