சித்தி கோத்த கிளி

உங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு பாசிக்கிளி இருந்ததா? நைலான் நரம்பில் பச்சையும் சிவப்புமாக பிளாஸ்டிக் மணிகளைக் கோத்துச் செய்த கிளி. எண்பதுகளில் வளர்ந்தவர் என்றால் நிச்சயம் இருந்திருக்கும். கூடவே டி.வி. மேல் ஒரு வாத்தும்! எங்கள் வீட்டுக் கிளியைக் கோத்தது சிவகாசி சித்தி.

சித்திக்குப் பாசி என்றால் உயிர். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி போனால், மாரியம்மனைக் கும்பிட்ட கையோடு நரிக்குறவர்கள் விரித்திருக்கும் துணி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தனக்குப் பவளம் மாதிரி சிவப்பு மணி, கைக்குழந்தை இடுப்புக்குத் திருஷ்டி கழிய கறுப்பு மணி, எங்களுக்குப் பல்லாங்குழி ஆட சோழி. குன்றிமணியை மட்டும் தொடவிட மாட்டாள். "கடிச்சு முழுங்கினா ஆளையே முடிச்சிரும்டா" என்பாள். நிஜம்தான். அந்த அழகான தோலுக்குள்ளே இருப்பது கொடிய விஷம்.

பட்டாசு வேலைக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுவாள். அங்கே பருத்திச் சேலைதான். ஒரு உரசல் போதுமே! சாயங்காலம் திரும்பும்போது நகை என்று பார்த்தால், கையில் படிந்த அலுமினியப் பொடியின் வெள்ளி மினுக்குதான்.

ஒருநாள் உரசிவிட்டது. எந்த ஆலை என்பது வேண்டாமே. சித்தி பிழைத்துவிட்டாள். வலது கையில் மூன்று விரல்கள் ஒட்டி மடங்கிப் போயின. அப்புறம் அவள் எதையும் கோக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2024-ல் அவளை வெம்பக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். அதுவும் பட்டாசு ஊர்தான். பக்கத்தில் விஜயகரிசல்குளம். வைப்பாற்றங்கரை மேட்டில் 2022 மார்ச்சில் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. சங்கு வளையல், சுடுமண் பொம்மை, ஆட்டக்காய்... எல்லாவற்றையும் விட அதிகமாக, ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகள்! மூன்றாம் கட்டத்தில் காளை உருவம் செதுக்கிய சூதுபவளம்கூட வந்தது. சூதுபவளம் நம்மூர்க் கல் இல்லை. குஜராத் பக்கத்துக் கல். சூடு காட்டக் காட்டச் சிவக்கும். கண்ணாடி மணிக்கும் நெருப்புதான் தாய். உருகிய கண்ணாடியை மெல்லிய குழலாக இழுத்து, ஆறியதும் பொடிப்பொடியாக நறுக்கி, முனை மழுங்க மறுபடியும் சூடாக்குவார்கள். அரிக்கமேட்டில் செய்ததும் இப்படித்தான்.

நான் இதையெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். சித்தி கண்ணாடிப் பெட்டியில் மூக்கு படக் குனிந்திருந்தாள்.

"ஓட்டை இத்தினிக்காணு இருக்கே... எப்பிடிடா கோத்திருப்பாங்க?"

எனக்கென்ன தெரியும்?

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பேத்திக்கு என்று ஒரு பாக்கெட் பாசி வாங்கினாள். பஸ் கிளம்பியதும் பார்க்கிறேன், நரம்பின் ஒரு முனை பல்லில், மறு முனை இடது கையில். பாசிகள் மடியில். பாதி கீழே உருண்டன. முன்சீட்டுப் பையன் பொறுக்கிக் கொடுத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிவகாசி வருவதற்குள் பதினோரு மணி ஏறியிருந்தது.

"முடிச்சு மட்டும் நீ போடு" என்று நரம்பை நீட்டினாள்.