பதிவேட்டில் பேசும் பெண்கள்

டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டின் துறைமுகத்தையொட்டி நிற்கும் கைதிப் பெண்களின் வெண்கலச் சிலைகளை, 2017ஆம் ஆண்டு அயர்லாந்தின் அன்றைய குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் திறந்துவைத்தார். டப்ளினின் லிஃபி ஆற்றங்கரையில் பெரும்பஞ்சத்தின் நினைவாக எலும்பும் தோலுமான மனித உருவங்களை வடித்த ரோவன் கில்லெஸ்பியே இவற்றையும் வடித்ததால், இரண்டையும் கண்ட பயணிக்கு ஒரு கடற்பாதையின் தொடக்கமும் முடிவும் புலப்படும்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல்நோய் தாக்கி, அயர்லாந்து பஞ்சத்தில் வீழ்ந்தபோது, துணியோ ஆடோ திருடிய பெண்களுக்குப் பெரும்பாலும் 7 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. பட்டினிக்குத் தப்பவே வேண்டுமென்று தீ வைத்துத் தண்டனை பெற்றவர்களும் உண்டு. டப்ளினின் கிரேஞ்ச்கோர்மன் சிறையில் காத்திருந்து, கிங்ஸ்டவுன் துறையில் கப்பலேறி, மூன்று மாதங்களுக்கு மேல் கடலில் கழித்தவர்கள், 'வான் டீமன் நிலம்' என்று அப்போது வழங்கிய டாஸ்மேனியத் தீவை அடைந்ததும், டெர்வென்ட் ஆற்றில் நங்கூரமிட்டிருந்த 'ஆன்சன்' என்னும் பழைய போர்க்கப்பலில் ஆறு மாதம் வீட்டுவேலையும் தையலும் பயின்ற பின்னரே பணிப்பெண்களாக அனுப்பப்பட்டனர்.

ஹோபார்ட்டின் வெலிங்டன் மலையடிவாரத்தில், சாராய வடிசாலையாக இருந்து 1828இல் பெண்கள் சிறையாக மாறிய கேஸ்கேட்ஸ் 'பெண்கள் தொழிற்கூடம்', கைதிகளைச் சலவைக்கும் தையலுக்கும் அமர்த்தி, எஜமானர்கள் திருப்பியனுப்பியவர்களைத் தண்டித்த இடமாகும். வெயில் குறைவாக விழும் அந்த ஈரப் பள்ளத்தாக்கில், உயர்ந்த கல்மதில்களுக்குள் குழந்தைகள் ஏராளமாக மாண்டனர். பால் மறந்த குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, பிழைத்தவர்கள் பின்னர் அநாதைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். 2010 முதல் இவ்வளாகம் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ளது.

மதில்கள் சொல்லாதவற்றை ஹோபார்ட் ஆவணக் காப்பகத்தின் கைதிப் பதிவேடுகள் சொல்கின்றன. ஒருத்தியின் உயரம், கண்ணின் நிறம், அம்மைத் தழும்பு, சமயம், எழுத்தறிவு ஆகியவற்றைக் கூர்ந்து குறித்த எழுத்தர்கள், அதன்பின் அவள் செய்த குற்றங்களையும் பெற்ற தண்டனைகளையும், விடுதலை போன்ற அரசு நடவடிக்கைகளையுமே எழுதினர். எனவே அடங்கி நடந்தவளின் பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருக்க, குடித்தவள், அனுமதியின்றி வெளியேறியவள், எஜமானியை எதிர்த்தவள் ஆகியோரே வரலாற்றில் விரிவாக இடம்பெறுகின்றனர். ஒழுங்கீனத்தின் கணக்காக அரசு தொகுத்த அவ்வரிகளே, அப்பெண்கள் தம் நிலையை ஏற்க மறுத்ததற்கு இன்று எஞ்சியிருக்கும் முதன்மையான சான்றுகளாகின்றன.