இருமுறை உறைந்த தயிர்

தமிழில் 'உறைதல்' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. பால் தயிராவதும் உறைதல்; நீர் பனிக்கட்டியாவதும் உறைதல்; ஓரிடத்தில் தங்கி வாழ்வதும் உறைதலே. முப்பத்தோராண்டுக் காலம் வகுப்பறையில் இச்சொல்லைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். பாலுக்கும் நீருக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும் என்று மாணவர் எவரும் என்னை வினவியதில்லை. அந்த வினாவை எழுப்பியவள் என் பேத்தி. அதற்குக் காரணமாயிருந்தவை கேமரன் மலையிலிருந்து வந்த இரண்டு பெட்டி ஸ்ட்ராபெரிப் பழங்கள்.

அவளுக்கு வயது பதினேழு. பெற்றோருடன் ஷா ஆலாமில் வாழ்கிறாள். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் பயின்றவள். அதன்பின் மலாயும் ஆங்கிலமுமே அவளுடைய பாடமொழிகள். தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதச் சொன்னால் மட்டும் சற்றே தயங்குவாள். பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் மலைக்குச் சென்று, பிரிஞ்சாங்கில் பழம் வாங்கிக்கொண்டு, ஈப்போவிலுள்ள என் வீட்டிற்கு வந்து சேர்ந்தாள். தயிர்ச்சோற்றைக் கண்டால் முகஞ்சுளிக்கும் அந்தப் பெண்தான், "பாட்டி, உங்கள் தயிரில் ஃபுரோசன் யோகர்ட் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டாள். பேரங்காடிகளில் கோப்பை கோப்பையாக விற்கப்படும் பண்டம் அது. அமெரிக்காவில் 1970-களில் பரவத் தொடங்கிய அதனை இன்று நம் பிள்ளைகள் நன்கறிவர். அதன் உட்பொருள் தயிர்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை போலும்!

"செய்வோம். ஆனால் அதைத் தமிழில் சொல்" என்றேன். ஆசிரியத் தொழில் விட்டாலும் ஆசிரியப் புத்தி விடுகிறதா?

அவள் சிறிது எண்ணிப் பார்த்து, "உறைந்த தயிர்" என்றாள். பிறகு தானே சிரித்துவிட்டாள். "தயிரே உறைந்ததுதானே, பாட்டி? காலையில்தானே பால் உறைந்துவிட்டதா பார் என்று சொன்னீர்கள்? உறையாவிட்டால் அது தயிரே இல்லையே!"

நான் வாயடைத்து நின்றேன். ஆங்கிலத்தில் தடையின்றி வழங்கும் பெயர் தமிழில் கூறியது கூறலாகிவிடுகிறது. ஐஸ்கிரீமைப் பனிக்கூழ் என்று எழுதுகிறோம்; அவ்வழியில் 'தயிர்ப் பனிக்கூழ்' என்று சொல்லிப் பார்த்தேன். கூழ் என்றதும் அவளுக்கு ஆடி மாதத்து மாரியம்மன் கோயில் அண்டாதான் நினைவுக்கு வந்ததாம். ஸ்ட்ராபெரியைச் செம்புற்றுப்பழம் என்று எழுதுவாருளர் என்றும் சொன்னேன். "புற்றா?" என்று கேட்டாள். அத்துடன் அந்த முயற்சியைக் கைவிட்டு, பாலை அடுப்பில் ஏற்றினோம்.

பால் ஒரு லிட்டர். பொங்கும் நிலைக்கு வந்தபின் தணலைக் குறைத்து மேலும் பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். இதனை வெறும் வழக்கமென்று எண்ணுதல் கூடாது. மிகுந்த சூட்டில் பாலின் தெளிநீர்ப் புரதங்கள் நிலைமாறி, பின்னர் தயிர் கெட்டியாகத் தோய்வதற்குத் துணைநிற்கின்றன. அதன்பின் ஆறவிட வேண்டும். எதுவரை? சுண்டு விரலைப் பாலில் விட்டுப் பத்து எண்ணும் வரை பொறுக்க முடிந்தால் அதுவே பதம் என்பது என் தாயார் கற்பித்த கணக்கு. பேத்தி தன் தந்தை வாங்கித் தந்திருந்த மின்வெப்பமானியை அதே பாலில் நட்டுப் பார்த்தாள். 44 பாகை காட்டியது. தயிருக்கு ஏற்ற வெப்பம் 40 முதல் 45 பாகை செல்சியஸ் என்று அவளுடைய கைப்பேசியும் உரைத்தது. என் தாயார் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர்.

அடுத்தது பிரை. உறைமோர் என்று நூல்களில் எழுதுவோம். பேராக் மாநிலத்தில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் பிரை என்றால்தான் விளங்கும். 1950-களில் எங்கள் லயத்தில் நாலைந்து குடும்பங்கள் மாடு வளர்த்தன. பால்வெட்டு முடிந்து வந்த பெண்கள் புல்லறுத்து, மாடு கறந்து, மாலையில் பிரை ஊற்றி வைப்பர். ஒரு வீட்டில் பிரை தீர்ந்தால் அடுத்த வீட்டில் கேட்பது வழக்கம். ஆனால் விளக்கு வைத்தபின் எவரும் கொடுக்கமாட்டார்கள். அவ்வேளையில் அகப்பட்டுக்கொண்டவர் மிளகாய்க் காம்பைப் பாலில் போட்டு உறைய வைக்க முயல்வதுண்டு. தயிர் என்ற பெயரில் ஏதோ ஒன்று காலையில் இருக்கும். எங்கள் தாயாருக்கு அது பிடிக்காது.

அவருக்குப் பிரை தந்தவர் அடுத்த லயத்துப் பெரியம்மா. உறவில் பெரியம்மா அல்லர். தோட்டத்தில் எல்லாரும் ஏதோ ஓர் உறவுதான். 1968-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, குடியுரிமையற்றவர்கள் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்னும் நிலை 1969-இல் வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரவர் அக்காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பினர். பெரியம்மாவின் குடும்பமும் அவர்களுள் ஒன்று. நாற்பதாண்டுக் காலம் உறைந்த மண்ணைவிட்டு, 1970-இல் பினாங்குத் துறைமுகத்தில் 'ராஜுலா' கப்பலேறி நாகப்பட்டினம் சென்றனர். புறப்படும் நாள் காலையில் தம் வீட்டுத் தயிர்ச்சட்டியைக் கொண்டுவந்து என் தாயாரிடம் கொடுத்து, "கப்பலில் இதை எங்கே வைப்பேன், நீயே வைத்துக்கொள்" என்றார். அழுத கண்ணோடு ஒருவர் தயிர்ச்சட்டியை நீட்டுவதும், மற்றொருவர் அதை முந்தானையால் மூடி வாங்கிக்கொள்வதும் அன்று எனக்கு வேடிக்கையாகவே தோன்றின. அதன்பின் ஒரே ஒரு கடிதம் வந்தது. நாங்கள் இருமுறை பதில் எழுதினோம்.

பின்னர் நாங்களும் தோட்டத்தைவிட்டு ஈப்போவுக்குப் பெயர்ந்தோம். மூடியிட்ட ஒரு தகரக் குவளையில் அந்தப் பிரையும் எங்களோடு பேருந்தில் வந்தது. தாயார் 1994-இல் மறைந்தார். அன்றுமுதல் நான் ஊற்றி வருகிறேன். நுண்ணுயிர் நூலார் இதைக் கேட்டால் புன்னகை செய்யக்கூடும். பல்லாண்டுக் காலத்தில் எத்தனையோ புதிய உயிர்கள் அச்சட்டிக்குள் புகுந்திருக்கும், பழையன மாறியிருக்கும். பல்கேரியாவைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் மாணவர் 1905-இல் ஜெனீவாவில் தம் நாட்டுத் தயிரை ஆராய்ந்து, அதனை உறையச் செய்யும் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். நம் வீட்டுத் தயிரிலோ அத்தகையவை பல கலந்து வாழ்கின்றன. அவை அனைத்தும் பெரியம்மா வீட்டுச் சட்டியிலிருந்து வந்தவையென்று நான் சாதிக்கமாட்டேன். ஆனாலும், நேற்றைய தயிரிலிருந்தே இன்றைய தயிர் என்னும் தொடர் ஒருநாளும் அறுந்ததில்லை என்று மட்டும் சொல்வேன்.

நம் நாட்டு வெப்பத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் தயிர் தோய்ந்துவிட்டது. அதை மெல்லிய துணியில் வடிகட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு தொங்கவிட்டோம். காலையில் ஏறத்தாழ பாதியளவு தெளிநீர் இறங்கியிருந்தது, ரசத்திற்கு ஆயிற்று. துணியில் எஞ்சிய கட்டித்தயிரைப் பேத்தி விரல்களால் வழித்தெடுத்தபோது எனக்குக் குறுந்தொகையின் 167-ஆம் பாட்டு நினைவில் எழுந்தது. தயிர் பிசைந்த விரலைத் தன் ஆடையிலேயே துடைத்துக்கொண்டு கணவனுக்கு உணவு சமைக்கும் இளம்பெண்ணை அதில் காட்டியவர் கூடலூர் கிழார். இவளும் விரலைச் சட்டையில்தான் துடைத்தாள். அப்பாட்டை அவளுக்குச் சொன்னேன். "அவள் செய்த குழம்பு நன்றாக இருந்ததா?" என்று கேட்டாள். கணவன் இனிதென்று உண்டான் என்றேன்.

பழத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நாம் விதையென்று நினைத்து ஒதுக்கும் புறத்துப் புள்ளிகளே தாவர நூலின்படி அதன் கனிகள். நாம் சுவைக்கும் செஞ்சதை பூவின் அடித்தளம் பருத்ததாகும். இன்று பயிராகும் இனம் இயற்கையில் இருந்ததுமன்று. சிலி நாட்டுச் செடியை ஃபிரேசியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1714-இல் பிரான்சுக்குக் கொண்டுவந்தார்; அது வட அமெரிக்கச் செடியோடு ஐரோப்பியத் தோட்டங்களில் கலந்து பிறந்ததே இது. கடல் கடந்து வந்த அக்கொடி, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், நம் கேமரன் மலையின் நெகிழிக் கூரைகளுக்கடியில் தேங்காய்நார்த்தூள் பைகளில் வேர்விட்டிருக்கிறது. மலைப் பழத்தில் புளிப்பு சற்று மிகுதி; தயிரின் புளிப்போடு அது சேரும்போது சர்க்கரையில் கஞ்சத்தனம் காட்டலாகாது.

அரைக் கிலோ பழத்தை அரிந்து, 150 கிராம் சர்க்கரை தூவி, அரைமணி நேரம் ஊறவிட்டோம். பிறகு சிறுதீயில் வைத்துப் பாகு போலாகும்வரை கிளறினோம். பச்சையாகவே அரைத்துச் சேர்த்தால் எளிதல்லவா என்று பேத்தி கேட்டாள். பழத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர். அந்நீர் அப்படியே சென்றால் உள்ளே பனிமுள்ளாகி நாவைக் கீறும். நீரைக் குறைக்க வேண்டும்; சர்க்கரையைக் கூட்ட வேண்டும். சர்க்கரை இனிப்புக்காக மட்டுமன்று. நீர் உறையும் வெப்பநிலையைத் தாழ்த்தி, பண்டம் கல்லாகாமல் காப்பதும் அதுவே. பாகு ஆறியபின் கட்டித்தயிரும் சிட்டிகை உப்பும் சேர்த்து அடித்தோம். இந்நிலையில் சுவை பார்த்தால் இனிப்பு மிகையாகவே தோன்ற வேண்டும். குளிரில் நா இனிப்பைக் குறைவாகவே உணரும்.

உறைவிப்பானில் வைத்தபின் அரைமணிக்கு ஒருமுறை எடுத்து, முள்கரண்டியால் ஓரங்களைச் சுரண்டிக் கலக்க வேண்டும். மூன்று மணி நேரம் இந்த ஊழியம். என் இளமையில் பள்ளி வாசலில் ஐந்து காசுக்கு ஐஸ் கட்டியைச் சீவி உருட்டிச் சிவப்புப் பாகு ஊற்றித் தருவார்கள். கை விறைக்க விறைக்க உறிஞ்சியது நினைவிருக்கிறது. அதில் பனி முள்ளாகவே இருந்தது. நாங்கள் குறை கூறியதில்லை.

அவ்வாறு கலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் கேட்டாள்: "இரண்டு உறைதலும் ஒன்றா, பாட்டி?"

அன்று என்னால் இயன்றதைச் சொன்னேன். பாலில் நுண்ணுயிர்கள் பாற்சர்க்கரையை உண்டு அமிலமாக்குகின்றன. அந்த அமிலத்தால் புரதங்கள் வலைபோலப் பின்னி நீரைப் பிடித்துக்கொள்கின்றன. அது உயிர்கள் உழைத்து ஆக்கும் உறைவு. பனியிலோ குளிர் ஒன்றே வேலை செய்கிறது. அங்கே உயிர் ஓய்ந்துவிடுகிறது. முன்னோர் கண்டது இரண்டுக்கும் பொதுவான தோற்றத்தை. ஓடுவது ஓடாமல் நின்றதை.

"ஓய்ந்துவிடுகிறது என்றால், பெரியம்மா வீட்டுப் பிரை இதில் செத்துப்போகுமா?"

அவ்வினா என்னைச் சற்று நேரம் பேசவிடவில்லை. முழங்கால் நோவினால் நான் ஆண்டிறுதியில் இவ்வீட்டை விட்டு என் மகனோடு சென்று வாழ்வதென்று முடிவாகியிருந்தது. மருமகள் நல்லவள், வேலைக்குச் செல்பவள், அவ்வீட்டில் தயிர் கடையிலிருந்து டப்பாவில் வருகிறது. எழுபது வயதைக் கடந்தவள் பிறர் அடுக்களையில் ஒரு சட்டிக்கு இடம் கேட்பது எப்படி? அதுபற்றி நான் எவரிடமும் பேசியதில்லை.

"பெரும்பாலும் சாவதில்லை, உறங்கும். நாளாக ஆகத்தான் சில மடியும். மீண்டும் வெதுவெதுப்பான பாலில் விட்டால் எழுந்துகொள்ளும்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பழம் சேராத வெறுந்தயிரில் சிறிது எடுத்துப் பனிக்கட்டித் தட்டின் நான்கு குழிகளில் ஊற்றி உள்ளே தள்ளினாள்.

மாலையில் பண்டம் ஆயத்தமாயிற்று. வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்தபின்னரே கரண்டி இறங்கியது. இளஞ்சிவப்பு நிறம், முதலில் பழமணம், அடுத்து இனிப்பு, கடைசியில் நாவின் ஓரத்தில் எங்கள் வீட்டுத் தயிரின் பழகிய புளிப்பு. கடையில் வாங்குவதைவிடப் புளிப்பாக இருக்கிறது என்று மகன் கருத்துரைத்தான். இரண்டு கிண்ணம் உண்டான். பெயர் மட்டும் கடைசிவரை வைக்கப்படவில்லை.

மறுநாள் அவர்கள் புறப்படுவதற்கு மாலை ஆறரை ஆகிவிட்டது. விளக்கு வைக்குமுன், உறைந்த தயிர்க்கட்டிகள் நான்கையும் ஒரு சிறு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஈரத்துணியும் பனிக்கட்டியும் சுற்றி அவளிடம் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து இரவு எட்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.

"பாட்டி, சுண்டு விரலா, ஆட்காட்டி விரலா?"

"சுண்டு விரல். கையைக் கழுவினாயா?"

"கழுவிவிட்டேன். வெப்பமானியை அப்பா எங்கேயோ வைத்துவிட்டார். இருங்கள், எண்ணுகிறேன்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் உரக்க எண்ணுவது கேட்டது. ஏழில் விரலை எடுத்துவிட்டாள். இன்னும் சற்று ஆறட்டும் என்றேன்.